பனிக்காலத்தில் வண்டி ஓட்டுதல்: சாலைக்கும் உடலுக்கும் வேண்டிய காப்பு

கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் நவம்பர் நடுப்பகுதியில் தொடங்கும் பனிக்காலம் மார்ச் கடைசிவரை நீள்வதுண்டு. டிசம்பரில் டொராண்டோவில் மாலை ஐந்து மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். வேலை முடிந்து வீடு திரும்பும் பயணம் பலருக்கும் இருட்டிலும் ஈரத்திலும் நடக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ வண்டி ஓட்டிக் கைபழகி, டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறியவர்களுக்கு முதல் பனிக்காலம் புதிய பாடம். மிதித்த இடத்தில் பிரேக் பிடிக்காது. திருப்பிய பக்கம் சக்கரம் போகாது. குளிர் சாலையை வழுக்கலாக்குவதோடு நிற்பதில்லை. வண்டியின் பாகங்களையும் ஓட்டுபவரின் உடலையும் அது தாக்குகிறது. காப்பும் இம்மூன்றுக்கும் சேர்த்தே வேண்டும்.

டயரும் பேட்டரியும்

வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகி, தரையைப் பற்றும் தன்மையை இழக்கத் தொடங்கும். குளிர்கால டயர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும் ரப்பரால் ஆனது. மூன்று மலைமுகடுகளுக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை அதன் அடையாளம். நான்கு சக்கரங்களுக்கும் இதையே மாட்ட வேண்டும். முன்சக்கரங்களுக்கு மட்டும் மாட்டினால் திருப்பத்தில் வண்டியின் பின்பகுதி பிடியிழந்து சுழலும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் அதை மாட்டியவர்களுக்கு 2016 முதல் வாகனக் காப்புறுதிக் கட்டணத்தில் சலுகை உண்டு.

வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி குறையும்போதெல்லாம் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறைகிறது. மாதம் ஒருமுறையாவது, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், அழுத்தத்தை அளந்து பார்ப்பது நல்லது. குளிரில் பேட்டரியின் வலு குறையும். எண்ணெய் கெட்டிப்படுவதால் எஞ்சினைக் கிளப்ப அதிக மின்சாரமும் தேவைப்படும். பழைய பேட்டரியைப் பனிக்காலத்துக்கு முன்பே சோதித்துவிட்டால் நடுவழியில் நிற்க நேராது.

கண்ணாடி கழுவும் நீர்மம் மைனஸ் 40 டிகிரி வரை உறையாத வகையாக இருக்க வேண்டும். இதில் கலந்துள்ள மெத்தனால் கொடிய நஞ்சு. உள்ளே போனால் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். இதன் குடுவையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்; வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

புறப்படும் முன்

வண்டியின் மேல் குவிந்த பனி முழுவதையும் அகற்றிய பிறகே புறப்பட வேண்டும். கண்ணாடியில் கையகல இடம் மட்டும் சுரண்டிவிட்டு ஓட்டினால் பக்கத்தில் வரும் வண்டியும் பாதசாரியும் தெரியமாட்டார்கள். கூரையில் விட்ட பனிப்பாளம் பிரேக் போடும்போது முன்கண்ணாடியில் சரியும்; வேகமாகப் போகும்போது பின்னால் வருபவர்மேல் பறந்து விழும்.

வாசலில் குவிந்த பனியை மண்வெட்டியால் அள்ளுவது இதயத்துக்குக் கடும் உழைப்பு. குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும் நேரத்திலேயே இந்த வேலையும் சேர்கிறது. இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இதைப் பிறரிடம் விடுவதே நல்லது. மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு அள்ள வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ வலி, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி அவசர உதவி எண் 911-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள், கதவு திறந்திருந்தாலும், எஞ்சினை ஓடவிட்டு வண்டியைச் சூடாக்கக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் புகும்.

குழந்தையும் தடித்த கோட்டும்

தடித்த குளிர்க் கோட்டோடு குழந்தையை இருக்கையில் கட்டினால் வார்கள் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். மோதலின்போது கோட்டிலுள்ள பஞ்சு நசுங்கி, வார் தளர்ந்து, குழந்தை இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படலாம். கோட்டைக் கழற்றிவிட்டு, மெல்லிய உடைமேல் வாரை இறுக்கி, தோளருகே வாரை விரல்களால் மடித்துப் பிடிக்க முடியாத அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகு கோட்டையோ போர்வையையோ வாருக்கு மேலே போர்த்தலாம். பெரியவர்களும் கோட்டை விலக்கி, இடுப்பெலும்பின்மேல் படும்படி பெல்ட் போட வேண்டும்.

வழுக்கும் சாலையில்

கரும்பனி என்பது கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய பனிக்கட்டிப் படலம். அதன் வழியே தாரின் கருமை தெரிவதால் சாலை வெறும் ஈரமாக இருப்பதாகவே தோன்றும். பாலங்களுக்கு அடியிலும் காற்று ஓடுவதால் அவையே முதலில் உறைகின்றன. மரநிழல் விழும் இடங்கள் கடைசியில்தான் உருகுகின்றன. பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால் வழுக்கல் அப்போது மிகக் கடுமையாக இருக்கும். சாலையில் தூவும் உப்பும் குளிர் ஏற ஏறத் தன் வேலையை இழந்துவிடும்.

வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். பிடிமானம் இல்லாத பனியில் அந்தத் தூரம் இன்னும் பன்மடங்கு நீளும். அதனால் வேகத்தைக் குறைப்பதே முதல் காப்பு. காய்ந்த சாலையில் முன்வண்டிக்கும் நமக்கும் இடையே இரண்டு வினாடி இடைவெளி போதும் என்றால், பனியில் அதை இரண்டு மடங்குக்கும் மேலாக்க வேண்டும். வேகத்தைத் தானாக நிலைநிறுத்தும் க்ரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிட வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அவசரமாக நிறுத்தும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலடியில் உணரும் அதிர்வு அது வேலை செய்வதன் அடையாளம். வண்டி சறுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து, ஸ்டியரிங்கை மெல்ல அத்திசைக்குத் திருப்ப வேண்டும்.

ஒன்டாரியோவில் பனி அகற்றும் வண்டிகள் நீல விளக்கு மின்ன ஓடுகின்றன. அவை கிளப்பும் பனித்திரைக்குள் எதுவும் தெரியாது. அவற்றை முந்தாமல், தள்ளியே பின்தொடர வேண்டும்.

வெளியே இருட்டு, உள்ளே ஹீட்டரின் வெதுவெதுப்பு: இரண்டும் சேர்ந்து உறக்கத்தை வரவழைக்கும். சூட்டைச் சற்றுக் குறைத்து, கண் சொருகத் தொடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும்.

பனியில் சிக்கிக்கொண்டால்

2010 டிசம்பரில் ஒன்டாரியோவின் சார்னியா அருகே 402-ஆம் நெடுஞ்சாலையில் வீசிய பனிப்புயலில் 300-க்கும் மேற்பட்டோர் வண்டிகளோடு சிக்கினர். அவர்களை மீட்க ராணுவ ஹெலிகாப்டர்கள் தேவைப்பட்டன. இப்படி நேர்ந்தால் வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. புயலில் சில அடி தூரத்திலேயே வழி தவறும். வண்டியோ தேடி வருபவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

911-ஐ அழைத்த பின், புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் அகற்ற வேண்டும். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் நிறையும். நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அயர்வு ஆகியவை அதன் அறிகுறிகள்; உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துவிடக்கூடும். எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிட்டு, அப்போது காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சற்றுத் திறந்துவைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாயைப் பார்ப்பது அவசியம். எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது.

குளிர் உடலைத் தாக்கும்போது

உடலின் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போவது தாழ்வெப்பநிலை. கடும் நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாற்றம், குழப்பம் ஆகியவை வரிசையாகத் தோன்றும். நடுக்கம் தானாக நின்றுபோவது நலமடைந்ததன் அறிகுறியல்ல. நிலைமை முற்றியதன் அறிகுறி. ஈர உடையைக் களைந்து, போர்வை சுற்றி, முதலில் மார்பையும் வயிற்றையும் சூடாக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் தரலாம். மது தரக் கூடாது. அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து உடற்சூட்டை வெளியே விட்டுவிடும்.

உறைபுண் விரல், மூக்கு, காது ஆகிய நுனிகளில் வரும். தோல் மரத்து, மெழுகுபோல் விறைக்கும். மாநிறத் தோலும் கருநிறத் தோலும் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். அவ்விடத்தைத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. மீண்டும் உறைய வாய்ப்பில்லாத இடத்துக்குச் சென்ற பிறகே வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவ உதவி பெற வேண்டும்.

நீரிழிவால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு உறைபுண் வருவது தெரியாது. வண்டியில் விட்டுச்சென்ற இன்சுலின் உறைந்துவிட்டால், உருகிய பின்னும் அது பயன்படாது.

வண்டியில் இருக்க வேண்டியவை

- போர்வை, கையுறை, தொப்பி, மாற்றுக் காலுறை
- சிறிய மண்வெட்டி, பனி சுரண்டி, சக்கரத்தின் கீழ் தூவ மணல்
- டார்ச் விளக்கு, பேட்டரிக் கேபிள், போன் சார்ஜர்
- குடிநீர், கெடாத உணவு, நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் உண்ண இனிப்பு
- அன்றாட மருந்துகள், முதலுதவிப் பெட்டி (மருந்துகளை வண்டியில் விட்டுவைக்காமல், இறங்கும்போது கையோடு கொண்டுபோக வேண்டும்)

பெட்ரோல் தொட்டி எப்போதும் பாதிக்குமேல் நிறைந்திருக்க வேண்டும். புறப்படும் முன் வானிலை எச்சரிக்கையையும், ஒன்டாரியோவின் 511 சேவையில் சாலை நிலவரத்தையும் பார்த்து, போகும் வழியையும் சேரும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். பனிப்புயல் எச்சரிக்கை வந்திருந்தால் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவைப்பதே பாதுகாப்பு.