முதுகுவலிக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

காய்ச்சலை வெப்பமானி அளந்துவிடும். ஓயாத முதுகுவலி ஒரு வாழ்க்கையை எவ்வளவு குறைக்கிறது என்று அளக்கக் கருவி இல்லை. மனிதர்களைத்தான் கேட்க வேண்டும்.

பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதியது வாங்கினால் எடை குறைவாகவே கிடைக்கும். எவ்வளவு குறைவுவரை சம்மதம் என்பதிலேயே பழையதன் மதிப்பு தெரிந்துவிடும். இங்கும் அதே பேரம்தான். வலியோடு 10 ஆண்டு வாழ்வதா, முழு நலத்தோடு அதைவிடக் குறைந்த காலம் வாழ்வதா? ஆண்டுகளை மாற்றி மாற்றிக் கேட்பார்கள். 7 ஆண்டில் இரண்டும் சமம் என்றால், அந்த நிலையின் மதிப்பு 0.7. முழு நலம் 1, மரணம் 0.

1993-இல் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் சுமார் 3,000 பேரிடம் இப்படிக் கேட்டார்கள். நடமாட்டம், தன்னைப் பேணுதல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை ஆகிய ஐந்திலும் மும்மூன்று படிகள். மொத்தம் 243 நிலைகள். சிலவற்றைக் கேட்டு, மற்றவற்றைக் கணக்கிட்டார்கள். ஐந்திலும் மிக மோசமான படியில் இருக்கும் நிலைக்குக் கிடைத்தது மைனஸ் 0.594. மரணத்தைவிடக் கொடியது என்று பொருள். நெஞ்சை உலுக்கும் எண் அது.

நோயாளிகளை விட்டுப் பொதுமக்களைக் கேட்பது ஏன்? பிரிட்டனில் மருத்துவச் செலவு பெரும்பாலும் வரிப்பணம்; அதைப் பங்கிட உதவும் மதிப்பை வரி கட்டும் மக்களே சொல்லட்டும் என்பது வாதம். ஆனால் நோயோடு வாழப் பழகியவர்கள் பலர், தங்கள் நிலைக்குப் பிறர் தருவதைவிடக் கூடுதல் மதிப்பே தருகிறார்கள்.