மார்வல் வித்தது எது, அடகு வச்சது எது?

அவசரமா 2 லட்சம் வேணும். பீரோவுல 5 பவுன் செயின் இருக்கு. விக்கறதா, அடகு வைக்கறதா? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் புதுசா சம்பளம் வாங்க ஆரம்பிச்ச தம்பி, தங்கைகள் என்கிட்ட அதிகமா கேக்கற கேள்வி இதுதான். நீங்க ஓடிடியில பாக்கற மார்வல் இந்த ரெண்டையுமே செஞ்சு பாத்த கம்பெனி.

1996 டிசம்பர்ல மார்வல் திவால் மனு போட்டுச்சு. கையில காசு இல்லை, ஆனா பீரோ நிறைய கேரக்டர்கள். எக்ஸ்-மென் சினிமா உரிமை ஏற்கெனவே ஃபாக்ஸ்கிட்ட இருந்தது. 1999-ல ஸ்பைடர்மேனும் சோனிக்குப் போச்சு. 2002-ல வந்த ஸ்பைடர்மேன் படம் உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணுச்சு. மார்வலுக்கு அதுல சின்னப் பங்குதான்.

2005-ல ரூட்டை மாத்தினாங்க. மெரில் லிஞ்ச் மூலமா 52.5 கோடி டாலர் கடன். கேப்டன் அமெரிக்கா, பிளாக் பேந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்னு 10 காமிக்ஸோட சினிமா உரிமை அடமானம். இதுல எனக்குப் பிடிச்ச இடம், அது நான்-ரிகோர்ஸ் லோன். படங்கள் ஊத்திக்கிட்டா அந்த உரிமைகள் மட்டும் போகும், கம்பெனியோட மத்த சொத்துல பேங்க் கை வைக்க முடியாது. 2008-ல அயர்ன் மேன் 58 கோடி டாலர் வசூல். அடுத்த வருஷமே டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வலையே வாங்கிடுச்சு.

டிசிக்கு இந்தத் தலைவலி இல்லை. 1969-லேர்ந்தே அது வார்னர் குடும்பத்துப் பிள்ளை, படத்துக்குக் காசு அப்பா பாத்துப்பார். ஆனா அப்பாவோட கடன் பிள்ளையையும் பாதிக்கும். 2022-ல வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி பெரிய கடனோட இருந்தப்ப, ஷூட்டிங் முடிஞ்ச பேட்கேர்ள் படத்தையே வெளியிடாம விட்டுட்டாங்க. வரிக்கணக்குல நஷ்டம் காட்டத்தான்னு அப்ப செய்தி வந்துச்சு.

நம்ம சிவகாசி முத்து காமிக்ஸ் 1972-ல கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி பிரிட்டன்காரங்க கதை. தமிழ்ல அச்சிடற உரிமை வாடகை வீடு மாதிரி, அதை வச்சு இப்படி ஒரு கடன் வாங்க முடியாது.

இப்ப உங்க செயினுக்கு வருவோம். வித்தா லாபத்துக்கு வரி உண்டு. 24 மாசத்துக்கு மேல வச்சிருந்த நகைன்னா 12.5%, அதுக்குள்ளன்னா உங்க ஸ்லாப் ரேட். அடகு வச்சா இந்த வரி வராது, வட்டிதான். ஒரு வருஷத்துல சம்பளத்துலேர்ந்து மீட்க முடியும்னா அடகு வைங்க. வட்டியே கட்ட முடியாதுன்னா இன்னைக்கே வித்துடறது மேல்.

ஆனா மார்வலுக்குக் கிடைச்ச சலுகை நகைக்கடன்ல கிடையாது. ஏலத்துல கடனை விட அதிகமா வந்தா மிச்சம் உங்களுக்கு, குறைஞ்சா பாக்கியை உங்ககிட்டதான் கேப்பாங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஏல நோட்டீஸ் எத்தனை நாள் முன்ன வரும், எந்த முகவரிக்கு வரும்னு கேட்டுக்கோங்க. சென்னைக்கு வேலைக்குப் போனவங்களுக்கு அது இன்னும் ஊர் வீட்டுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கும்.