கத்தாத காவல்காரன்!

காரைப் பின்னால் எடுக்கும்போது "பீப், பீப்" என்று சத்தம் வருகிறதே, எப்படித் தெரியுமா?

பின் பம்பரில் காசு அளவில் வட்டமான சென்சார்கள் இருக்கும். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அவை அனுப்பும். அது எதிலாவது பட்டுத் திரும்பினால், எச்சரிக்கை மணி ஒலிக்கும். இந்தியாவில் 1-7-2019 முதல் தயாராகும் கார்களுக்கு இது கட்டாயம்.

காரணமின்றிக் கத்துகிறதா? சேறோ, மழைத்துளியோ ஒட்டியிருக்கலாம். மெல்லிய துணியால் துடையுங்கள்.

கத்தவே இல்லையா? என்ஜினை நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போடுங்கள். சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியர் போடுங்கள். சென்சார் அருகே காதை வைத்தால் "டிக், டிக்" என்று கேட்கும். கேட்காததுதான் பழுது! எல்லாமே ஊமையா? பியூஸ் போயிருக்கலாம்.

ஒன்றை மறவாதீர்கள். பம்பருக்குக் கீழே குனிந்து விளையாடும் குழந்தை சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். இறங்கிப் பார்த்துவிட்டே காரை எடுங்கள்!