கழற்றித் தோளில் வைத்த சுக்கான்

பாயோட்டிய காலத்தில் யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரைக்கு வள்ளம் வந்தால் மீனை இறக்குமுன் சுக்கானை இறக்குவார்கள். வள்ளத்தின் அடிக்கட்டையான ஏராவுக்கும் கீழே தொங்குகிற, திசை திருப்பும் பலகை அது. கழற்றாமல் வள்ளத்தைக் கரையேற்றினால் மணலிலோ கல்லிலோ குத்தி முறிந்துபோகும். அதனால் சுக்கான் கழற்றத் தெரியாதவன் தொழிலுக்கே வந்திருக்க மாட்டான்.

பார்க்கச் சின்ன வேலைதான். சுக்கானில் கீழ்நோக்கிய இரும்புக் கொக்கிகள். வள்ளத்தின் பின்கட்டையில் வளையங்கள். மேலே தூக்கினால் கழன்றுவிடும். ஆனால் நெஞ்சளவு தண்ணீரில் நின்று செய்யும்போதுதான் அதன் குணம் தெரியும். மரம் மிதக்கப் பார்க்கும், இரும்பு தாழப் பார்க்கும். அலை வந்து பின்புறமான கடையாரைத் தூக்கிப் போடும் கணத்தில் விரல் வளையத்தருகே இருந்தால் நசிந்ததுதான். எனவே முதலில் சுக்கானில் ஒரு கயிறு. பிறகு சுக்கானைத் திருப்பும் பிடிக்கட்டையை உருவி, மேலே ஒருவர் இழுக்க, கீழே ஒருவர் அலை ஏறும் தருணம் பார்த்து உந்துவார். கழன்றதும் தோளில் வைத்துக்கொண்டு கரைக்கு நடை.

பழுதும் ஊருக்குள்ளேயே தீரும். கொக்கி தேய்ந்தால் ஓட்டத்தில் சுக்கான் டொக் டொக்கென்று அடிக்கும். இரும்பு கொல்லனிடம் போகும். புழு அரித்த பலகையைப் படகு கட்டும் ஓடாவியார் மாற்றிக் கொடுப்பார். சிப்பியைச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, சுறா எண்ணெய் பூசுவது வீட்டு வேலை.

பெரிய கப்பல்களின் சுக்கானை இப்படித் தோளில் தூக்கிவிட முடியாது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 89 அடி நீளம், வேப்பமரம். அதை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிச் செல்ல, 1938 ஓகஸ்டில் அது மாசச்சூசெட்சின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. ராபின்சன் மனைவியின் பெயரில் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆனதும் அதுதான். பாயின் அழகைத்தான் எல்லோரும் எழுதினார்கள். அத்தனை கடலிலும் அந்த மரத்தைத் திசைமாறாமல் பிடித்த பலகையைப் பற்றி யார் எழுதினார்கள்?

இன்றைய கரையில் பைபர் படகுகள். 1967இல் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் பைபர் படகு கட்டியது அந்த மாற்றத்தின் பெரிய படி. பின்பக்கப் பலகையில் வெளியிணைப்பு மோட்டாரை மாட்டினால் சுக்கானே தேவையில்லை. மோட்டாரின் பிடியைத் திருப்பினால் படகு திரும்பும். கரை வந்ததும் மோட்டாரைச் சாய்த்தால் போதும். விரலும் தப்பியது, நேரமும் மிச்சம். பழைய காலத்தை ஏங்கிப் பேசுகிறவர்கள் ஒருநாளாவது வாடைக்காலத்து அலையில் சுக்கான் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் மோட்டார் நின்றால் இழுவையும் போகும், திசையும் போகும். பாய்வள்ளத்தில் சுக்கான் முறிந்தால் துடுப்பைப் பின்னால் கட்டிச் சமாளித்துக் கரை பிடிக்கலாம். இன்று எஞ்சின் பழுதான படகு நீரோட்டத்தின் பாட்டுக்குப் போய் இந்தியாவின் கோடியக்கரைப் பக்கம் ஒதுங்கினால் அங்கே பிடிபட்டு, விசாரணை, வழக்கு என்று நீளும். பழுது பார்ப்பதும் கைமாறிவிட்டது. பைபர் வெடித்தால் ரெசின் பூசத் தெரிந்தவர் நிறையப் பேர். மோட்டாருக்குள் பழுது என்றால் மெக்கானிக்கிடம் போக வேண்டும், பாகம் கடையில் இருக்க வேண்டும்.

எண்ணெய் இல்லாத காலமும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வர வழியில்லை. மோட்டார் சைக்கிள்கூட மண்ணெண்ணெயில் ஓடியது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயில் மோட்டார் ஓட்டும் கடற்றொழிலாளிக்கு அது ஒரே இரவில் விழுந்த அடி. இப்படியான வேளைகளில் "திரும்பப் பாய் கட்டலாமே" என்று கரையில் நிற்காதவர்கள் சொல்வதுண்டு. ஆழமில்லாத கடல்நீரேரியில் ஒரு சிறு பாயும் மரக்கோலும் இருந்தால் காரியம் நடக்கும். வெளிக்கடலுக்கு அது காணாது. காற்றுக்குக் குறுக்கே படகைப் பிடிக்கச் சுக்கான் வேண்டும். சுக்கானைத் தாங்க உறுதியான பின்கட்டையும் வளையங்களும் வேண்டும். மோட்டார் மாட்டவென்றே அமைத்த பைபர் படகில் இரண்டும் கிடையாது.