விழிஞத்துறைப் போர்களும் ‘கலமறுத்தல்’ என்னும் தொடரும்

முதலாம் இராசராசனுடைய கல்வெட்டுக்களைப் பயில்வோர், காந்தளூர்ச்சாலையில் அவன் கலமறுத்த செய்தியை அவற்றின் தொடக்கத்திலேயே காண்பர். கி.பி. 985-இல் அரியணை ஏறிய அவ்வேந்தனுக்கு இச்சிறப்பு 4-ஆம் ஆட்சியாண்டு முதலே வழங்கலாயிற்று. ஈண்டுக் ‘கலம்’ என்பது மரக்கலமோ, உண்கலமோ, படைக்கலமோ என அறிஞர் பலவாறு கூறுவர். சொல்லை மட்டுங்கொண்டு இதனைத் துணிதல் அரிது. அக்கடற்கரையில் நிகழ்ந்த போர்களை முறைப்படுத்தி நோக்கின் தெளிவு பிறக்கும் என்பது எம் கருத்து.

உண்கலம் என்பார் கூற்று எளிதில் தள்ளற்பாலதன்று. ஆய்வேள் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்க்கு ஒரு சாலை நிறுவினான் என்றும், அது காந்தளூர் முறையைத் தழுவியது என்றும் கி.பி. 866-ஆம் ஆண்டுச் செப்பேடு உரைக்கின்றது. ஆகவே காந்தளூர்ச்சாலை உண்டியும் கல்வியும் அளித்த நிலையம் என்பதில் ஐயமில்லை. ஆயின், அந்நிலையம் இருந்த கடற்கரை எத்தகையது என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும்.

காந்தளூரைத் திருவனந்தபுரத்து வலியசாலை எனக் கொள்வர் பலர். அதன் தெற்கே அணித்தாக உள்ளது விழிஞம். கரையை ஒட்டியே ஏறத்தாழ 20 மீட்டர் இயற்கை ஆழம் உடைய அவ்விடத்தில், 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் பெருந்துறைமுகம் ஒன்று நாட்டுக்கு உரித்தாக்கப்பட்டது. அத்துறையின் அருமையைப் பண்டை வேந்தரும் உணர்ந்திருந்தனர்.

பாண்டியன் நெடுஞ்சடையனின் 17-ஆம் ஆட்சியாண்டுச் சீவரமங்கலச் செப்பேடு, கடலை அகழியாகவும் வானளாவிய மதிலை அரணாகவும் கொண்ட விழிஞத்தை அவன் அழித்ததாகப் புகழ்கின்றது. செப்பேட்டை மட்டும் நோக்குவார்க்குப் போர் அத்துடன் முடிந்ததெனத் தோன்றும். கற்களோ வேறு கூறுகின்றன. மாறன்சடையனின் 23-ஆம் ஆண்டுக் கழுகுமலைக் கல்வெட்டு, சடையன் கருநந்தன்மேற் சென்று அருவியூர்க் கோட்டைப் போரில் மடிந்த வீரரைக் குறிக்கின்றது. 27-ஆம் ஆண்டுக் கல்லொன்று, விழிஞத்தின்மேல் வந்த சேரர் படையை எதிர்த்து வீழ்ந்த இரணகீர்த்தி என்பானைக் கூறுகின்றது. இம்மாறன்சடையன் நெடுஞ்சடையனே என அறிஞர் கொள்வர். எனவே, வென்ற துறையைக் காக்கவே பத்தாண்டுகள் பொர வேண்டியிருந்தமை புலனாகும்.

இதற்குக் காரணம் நிலவமைப்பே. பாண்டிநாட்டினின்று மலைக்கப்பாற் செல்லத் தெற்கே ஆரல்வாய்மொழியும் வடக்கே செங்கோட்டை ஆரியங்காவும் தலையாய வழிகளாம். பெரும்படை இவ்வழிகளிற் சென்று மீளலாம். நெடுநாள் அங்கே நிலைத்தல் எளிதன்று. இரு நாட்டுத் தொடர்பின் சுவடு ஊர்ப்பெயரிலும் உண்டு. வேணாட்டு அரசர் சிலர் தாங்கிய வீரகேரளன் என்னும் பெயர், மலைக்கு இப்பால் தென்காசிப் பகுதியில் வீரகேரளம்புதூர் என இன்றும் வழங்குகின்றது.

சோழர் காலத்தும் இந்நிலை மாறிற்றில்லை. இராசராசன் படைத்தலைவன் விழிஞத்தை வென்றமை கூறும் திருவாலங்காட்டுச் செப்பேடு, இரு நூற்றாண்டுக்கு முற்பட்ட பாண்டியர் செப்பேட்டைப் போலவே கடலை அதன் அகழி என்கின்றது. பின்னர் முதலாம் இராசாதிராசனும் காந்தளூரில் கலமறுப்பித்தான். அவன் மெய்க்கீர்த்தி அவ்விடத்தைக் கடல் சார்ந்ததாகவே அடைகொடுத்துக் கூறும். முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கத்துப்பரணியும் விழிஞம் அழிந்ததையும் சாலை கொண்டதையும் ஒருங்கு வைத்துப் பாடுகின்றது.

ஒருகால் அறுத்த கலம் மீண்டும் அறுக்கப்படுதல் எங்ஙனம்? படை மீண்டதும் துறை பழைய தலைவர்பாற் செல்லும். மரக்கலங்களும் மீண்டும் கட்டப்பெறும். மாணாக்கர் உண்கலத்தை நிறுத்தியதனைப் பேரரசர் தம் முதற்புகழாக மெய்க்கீர்த்தியின் தலைப்பிற் பொறித்தனர் எனல் பொருந்துமாறில்லை. சாலை கல்விக்கழகமாயினும், அதன் கரையில் அறுக்கப்பட்டவை மரக்கலங்களே எனக் கொள்வதே சான்றுகளோடு இயைவதாம். ஒரு சொல்லின் பொருளை அகராதியிற் காண்பதோடு அமையாது, அது பிறந்த களத்திலும் தேடுதல் ஆராய்ச்சி மாணவர்க்குக் கடனாகும்.