கிரகப்பிரவேசத்தில் ஐயர் கடகடவெனச் சொல்வது என்ன? சங்கல்பத்துக்குள் இருக்கும் முகவரி

புது ஃபிளாட், அதிகாலை முகூர்த்தம், அரைத் தூக்கம். மணையில் உட்கார்ந்ததும் ஐயர், "இடது கை கீழே, வலது கை மேலே, வலது தொடைமேல வச்சுக்கோங்கோ" என்கிறார். பிறகு மூச்சு விடாமல் ஒரு நிமிடம் சமஸ்கிருதத்தில் என்னவோ சொல்கிறார். நடுவில் கோத்திரம் கேட்கிறார், நட்சத்திரம் கேட்கிறார். பதில் சொன்ன கையோடு பெரும்பாலானோரின் கவனம் கேமராமேன் பக்கம் போய்விடுகிறது.

அந்த ஒரு நிமிடத்துக்குப் பெயர்தான் சங்கல்பம். 'தீர்மானம்' என்று பொருள். யார், எங்கே, எப்போது, எதற்காக இந்தப் பூஜையைச் செய்கிறார் என்று அறிவிக்கும் பகுதி இது. கொரியர் பார்சலில் எழுதும் முகவரி மாதிரிதான். ஆனால், இந்த முகவரி கதவு எண்ணில் தொடங்குவதில்லை, பிரம்மாவின் வயதில் தொடங்குகிறது.

புராணக் கணக்கில் பிரம்மாவின் ஆயுள் அவருடைய கணக்குப்படி 100 ஆண்டுகள். அதில் 50 முடிந்து, இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. 'த்விதீய பரார்த்தே' என்று காதில் விழுவது அதுதான். அந்தப் பாதியில் இப்போது நடக்கும் ஒரு பகலின் பெயர் ஸ்வேதவராஹ கல்பம். பிரம்மாவின் ஒரு பகல் நமக்கு 432 கோடி ஆண்டுகள். அந்தப் பகலை 14 மனுக்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இப்போது ஏழாவது மனுவான வைவஸ்வதரின் காலம். ஒரு மனுவுக்கு 71 சதுர்யுகங்கள், இப்போது நடப்பது 28-வது. அதற்குள் 4,32,000 ஆண்டுகள் கொண்ட கலியுகம், அதிலும் முதல் பாதம்.

இந்த 'முதல் பாதம்' கவனிக்க வேண்டிய விஷயம். "கலி முத்திடுச்சு, உலகம் அழியப்போகுது" என்று ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டு வரும்போதெல்லாம் சங்கல்பத்தை நினைத்துக்கொள்ளலாம். மரபான கணக்கில் கலியுகம் பிறந்தது கி.மு. 3102-ல். ஆக, போயிருப்பது சுமார் 5,100 ஆண்டுகள்தான். இன்னும் 4 லட்சத்துக்கும் மேல் பாக்கி!

இது வெறும் பூஜை அறைக் கணக்காகவும் இருக்கவில்லை. வானியலாளர் ஆரியபட்டர் தன் வயதைச் சொல்லவே கலியுகத்தைப் பயன்படுத்தினார். கலி பிறந்து 60 அறுபது ஆண்டுகள், அதாவது 3,600 ஆண்டுகள் முடிந்தபோது தனக்கு வயது 23 என்கிறார். அது கி.பி. 499. அவர் சொன்னதை வைத்துத்தான் அவர் பிறந்த ஆண்டையே இன்று நாம் சொல்கிறோம். அதே ஆரியபட்டர் நான்கு யுகங்களும் சம அளவு என்றார், ஒரு மனுவுக்கு 72 சதுர்யுகம் என்றார். இது மரபுக்கு விரோதம் என்று பிற்பாடு பிரம்மகுப்தர் சண்டைக்கு வந்தார். அந்தக் காலத்திலேயே கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். 432 கோடி என்ற எண் பூமியின் வயதான சுமார் 454 கோடிக்குப் பக்கத்தில் இருப்பதை 'விஞ்ஞானிகளுக்கு முன்பே நம் முன்னோர்' என்று சிலர் கொண்டாடுவதுண்டு. ஆனால், பாறையை ஆராய்ந்து வந்த எண் அல்ல அது. கோள்சுற்றுகளைக் கணக்கிட வசதியான பெரிய எண். அதற்கு அந்தப் பெருமையே போதும்.

காலம் முடிந்ததும் இடம் வருகிறது. ஜம்புத்வீபம், பாரத வர்ஷம், மேரு மலைக்குத் தெற்குப் பக்கம். சில ஊர்களில் ஆற்றின் பெயரும் சேரும். காவிரிக் கரையில் காவிரி, மகாராஷ்டிராவில் கோதாவரி. அப்படியென்றால் நியூஜெர்சியில் வீடு வாங்கினால்? அங்கே பலரும் ஜம்புத்வீபத்தை விட்டுவிட்டு 'க்ரௌஞ்ச த்வீபே' என்று சொல்கிறார்கள். புராணம் சொல்லும் ஏழு தீவுகளில் ஒன்று அது. அமெரிக்காவைப் புராண வரைபடத்தில் யாரும் வரைந்து வைக்கவில்லை. ஆனாலும், நிற்கிற இடத்தைச் சொல்லாமல் பூஜையைத் தொடங்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

பிறகு 60 வருடச் சுழற்சியில் நடப்பு வருடம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் உங்கள் பெயரில் நிற்கிறது. கோடி கோடி ஆண்டுகளில் தொடங்கிய வாக்கியம், இன்ன கோத்திரத்தில், இன்ன நட்சத்திரத்தில் பிறந்த இன்னார் என்று ஓர் ஆளைத் தேடி வந்துவிடுகிறது. தன் சிறுமையை உணரவைக்கும் ஏற்பாடு என்று இதைச் சிலர் விளக்குவார்கள். பாதிதான் உண்மை. இவ்வளவு பெரிய காலத்திலும் இந்த ஆளின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை என்பது மீதிப் பாதி. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் பெயர், நட்சத்திரம் கேட்கிறார்களே, அது இதன் குட்டி வடிவம். கோத்திரம் தெரியாது என்றால் 'சிவ கோத்திரம்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

முடிவில் வரும் சொல் 'கரிஷ்யே'. 'நான் செய்வேன்' என்று அர்த்தம். ஐயர் அதை எடுத்துக் கொடுக்கிறார், மணையில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வாயே திறக்காமல் தலையாட்டினால் அந்த 'நான்' யார்? பல வீடுகளில் கணவர்தான் சங்கல்பம் சொல்கிறார், மனைவி பக்கத்தில் இருப்பதோடு சரி. வரலட்சுமி விரதம் போன்றவற்றில் பெண்களே தங்கள் பெயரில் செய்துகொள்கிறார்கள்.

அடுத்த முறை மணையில் உட்காரும்போது, "கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க, நாங்களும் கூடச் சொல்றோம்" என்று ஐயரிடம் கேட்டுப் பார்க்கலாம். கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும். முகூர்த்தம் தப்பாது.