திறமை இருந்தும் மனசுக்குள் ‘ஆள்மாறாட்ட’ பயம்! வந்த புரமோஷனையே உதறித்தள்ள வைக்கும் வினோத நினைப்பு

ஆள்மாறாட்டம் என்றாலே பரீட்சை ஹாலும் பத்திரப்பதிவு ஆபீசும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒரு தப்பும் செய்யாமல், சொந்த உழைப்பில் மேலே வந்துவிட்டு, “இந்த சீட்டுக்கு நான் லாயக்கு இல்ல. ஒருநாள் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்” என்று உள்ளுக்குள் நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த நினைப்புக்குத்தான் ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று பெயர்.

1978-ம் ஆண்டு அமெரிக்காவை சேர்ந்த பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற 2 பெண் உளவியல் நிபுணர்கள் இதை முதன்முதலில் எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் பெயர் எடுத்த 150-க்கும் மேற்பட்ட பெண்களை கவனித்து எழுதியது அது. ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னால் தெரிந்தது. இது வியாதி அல்ல. மனநோய் பட்டியலிலும் கிடையாது.

சிகாகோவில் குடிநீர் நிலைய தொழிலாளியின் மகளாக பிறந்து, 8 ஆண்டுகள் வெள்ளை மாளிகையில் இருந்தவர் மிச்செல் ஒபாமா. அவரே 2018-ல் லண்டனில் மாணவிகள் முன்பு பேசும்போது, இந்த நினைப்பு தன்னை இன்னும் விட்டபாடில்லை என்று ஒப்புக்கொண்டார்.

நம்ம ஊரில் எப்படி?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 12 வருஷமாக லேத் ஓட்டுகிற ஒருவரை சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் சத்தத்தை கேட்டே கோளாறை சொல்லிவிடுவார். ஆனால் மீட்டிங்கில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை விழுந்தால் தலை தானாக குனிந்துவிடும். “வேற ஆள் கிடைக்காம என்னை போட்டுட்டாங்க” என்பார். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் ராத்திரி தூக்கம் போச்சு. கடைசியில், “பழைய வேலையே போதும் சார்” என்று எழுதிக் கொடுத்துவிடுவார். நஷ்டம் யாருக்கு? மாசா மாசம் அவர் வீட்டுக்குத்தான்.

பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. கூலித் தொழிலாளி வீட்டு பிள்ளைகள் டாக்டர் கோட்டு மாட்டினார்கள். நீட் எழுதி பாஸ் ஆகித்தான் உள்ளே போகிறார்கள். ஆனாலும் “கோட்டாவுல வந்தவன்” என்று பக்கத்து பெஞ்சில் ஒருவன் சொன்னால் போதும், சந்தேகம் கேட்க தூக்கிய கை கீழே இறங்கிவிடும்.

இந்த இடத்தில் தப்பு அந்த பிள்ளையின் மனசில் இல்லை, கிண்டல் செய்கிறவனிடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்து பாதிக்கப்பட்டவரையே திருத்தப் பார்ப்பது சரியா என்று 2021-ல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ இதழில் 2 பெண்கள் கேள்வி கேட்டு எழுதினார்கள். நியாயமான கேள்வி.

நம்ம வீடுகளிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. கண்ணு பட்டுடும் என்று பிள்ளையை பாராட்டவே மாட்டோம். யாராவது கேட்டால், “ஏதோ சாமி புண்ணியத்துல பாஸாயிட்டான்” என்போம். அடக்கம் நல்லதுதான். ஆனால் விடிய விடிய படித்தவன் காதில் அது எப்படி விழும்?

என்ன செய்யலாம்?

முதலில், பயத்தையும் நிஜமான குறையையும் பிரித்துப் பாருங்கள். எனக்கு என்ன தெரியவில்லை என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். ‘எக்செல் தெரியாது, ரிப்போர்ட் எழுத வராது’ என்று இரண்டு வரியில் முடிந்தால், அது கற்றுக்கொள்ள வேண்டிய வேலை, அவ்வளவுதான். ஒன்றுமே எழுத வரவில்லையா? அப்போ அது வெறும் பயம்.

செய்து முடித்த வேலைகளை தேதி போட்டு டைரியில் குறித்து வையுங்கள். மனசு “நீ வேஸ்ட்” என்று சொல்லும்போது எடுத்துப் பாருங்கள். யாராவது பாராட்டினால் “அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று தட்டிவிடாமல், “ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிப் பழகுங்கள். நம்பிக்கையான சீனியர் ஒருவரிடம் மனசு விட்டு பேசுங்கள். “எனக்கும் அப்படித்தான்பா இருந்துச்சு” என்று அவர் சொன்னாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

தூக்கம், சாப்பாடு கெட்டு, வேலைக்கோ காலேஜுக்கோ போகவே பிடிக்காமல் நாள் கணக்கில் இழுத்தால் தள்ளிப்போடக்கூடாது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. 24 மணி நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.